ஆறு பவுண்டு கம்பெனி

வேலையை விட்டுவிட்டு சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தவர்களின் கதைகளில் தவறாமல் ஒரு தொகை வரும். ஹியூலட்-பேக்கர்டு என்றால் 1939-ல் 538 டாலர். இன்ஃபோசிஸ் என்றால் 1981-ல் சுதா மூர்த்தி எடுத்துக் கொடுத்த பத்தாயிரம் ரூபாய். தொகை எவ்வளவு சின்னதோ, கதை அவ்வளவு பெரிசு. கேட்பவருக்கும் உடனே கை பரபரக்கும். "பத்தாயிரம்தானே, நம்மகிட்டயே இருக்கே!" என்று ராஜினாமா கடிதம் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடுவார்.

இந்த வரிசையில் எனக்குத் தெரிந்து ரொம்பச் சின்னத் தொகை 6 பவுண்டு. 1962-ல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷர்லி என்கிற பெண்மணி இதை வைத்து ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அன்றைய கணக்கில் ஒரு பவுண்டு சுமார் 13 ரூபாய் 33 பைசா. ஆக மொத்தம் எண்பது ரூபாய். அந்த எண்பது ரூபாய்க் கம்பெனி பிற்பாடு எண்ணாயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்க்கும் நிறுவனமாகி, அதன் ஊழியர்களில் எழுபது பேரைக் கோடீஸ்வரர்களாக்கியது.

கதை நிஜம்தான். ஆனால் 6 பவுண்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. அந்த 6 பவுண்டுக்குப் பின்னால் யார் யார் செலவு செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். 1933-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். அப்பா நீதிபதி, யூதர். ஹிட்லர் காலத்தில் யூதருக்கு நீதிபதி வேலை நிலைக்குமா? குடும்பம் ஊர் ஊராக அலைந்து வியன்னா போய்ச் சேர்ந்தது. 1939-ல் ஐந்து வயதுப் பெண்ணையும் ஒன்பது வயது அக்காவையும் பெற்றோர் ரயிலேற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். போர் மூள்வதற்குச் சில வாரங்களே இருந்த நேரம். அப்படி இங்கிலாந்துக்குப் போன சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் இவர்கள் இரண்டு பேர். ஒரு ஆங்கிலேயத் தம்பதி எடுத்து வளர்த்தார்கள். பள்ளியில் கணக்கில் கெட்டி. பெண்கள் பள்ளியில் அந்த அளவுக்குக் கணக்கு சொல்லித்தர ஆளில்லாமல், பக்கத்து ஆண்கள் பள்ளிக்கு நடந்து போய்ப் படித்தார்.

பதினெட்டு வயதில், 1951-ல், தபால் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. லண்டனின் வடமேற்கில் டாலிஸ் ஹில் என்ற இடம். "தபால் ஆபீஸில் என்ன ஆராய்ச்சி?" என்று நினைக்காதீர்கள். அப்போது பிரிட்டனில் தொலைபேசி கிட்டத்தட்ட முழுக்கத் தபால் துறை வசம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்க டாமி ஃப்ளவர்ஸ் 'கொலோசஸ்' எந்திரத்தைக் கட்டியது இதே டாலிஸ் ஹில்லில்தான். நம் கதாநாயகி அங்கே போன காலத்தில் கொலோசஸ் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, அரசாங்க ரகசியம். ஆனால் அதைக் கட்டிய மூளைகள் அங்கேதான் உலாவிக்கொண்டிருந்தன. மின்னணுத் தொலைபேசி இணைப்பகம், பரிசுப் பத்திரங்களுக்குக் குலுக்கல் எண் எடுக்கும் 'எர்னி' எந்திரம் என்று வேலை. பகலில் உத்தியோகம், மாலையில் கல்லூரி, இப்படி ஆறு வருஷம் இழுத்துப்பிடித்துக் கணிதப் பட்டம் வாங்கினார்.

1959-ல் கூட வேலை பார்த்த இயற்பியலாளர் டெரெக் ஷர்லியைக் கல்யாணம் செய்துகொண்டு, கம்ப்யூட்டர் டெவலப்மென்ட்ஸ் என்ற தனியார் கம்பெனிக்கு மாறினார். அங்கேதான் ஐ.சி.டி. 1301 என்ற கணினியை வடிவமைத்தார்கள். வேலை பிடித்திருந்தது. ஆனால் ஒரு கூட்டத்தில் விலை, விற்பனை பற்றி ஏதோ கருத்து சொல்லப்போக, "அது உங்கள் துறை இல்லை, நீங்கள் தொழில்நுட்பம்" என்கிற தொனியில் வாயை அடைத்துவிட்டார்களாம். அவரே பிற்பாடு சொன்னது. அதோடு அந்த வேலை மேல் இருந்த ஆசை போய்விட்டது.

ஆகவே 1951-லிருந்து 1962 வரை பதினோரு வருஷம். அன்றைக்கு உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும் கிடைத்த பயிற்சி, சம்பளமும் வாங்கிக்கொண்டு. இதுதான் முதல் மூலதனம். இதற்குப் பெரும்பாலும் செலவு செய்தது தபால் துறை.

இரண்டாவது மூலதனம், வீடு. கம்பெனி ஆரம்பித்தபோது தன் உழைப்பையும், வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனையும் வைத்துத்தான் ஓட்டினேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கணவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. பேட்டி எடுப்பவர்கள் 6 பவுண்டைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அடமானத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். ஆலோசனைத் தொழிலில் இறங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த அடமானத்தைப் பற்றித்தான். சரக்கு வாங்கப் பணம் வேண்டாம், கடை வாடகை வேண்டாம், எல்லாம் சரி. ஆனால் வேலையை முடித்து, பில் அனுப்பி, வாடிக்கையாளர் அதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, காசோலை வந்து சேருவதற்குள் இரண்டு மூன்று மாதம் போய்விடும். நமக்காக வேலை செய்தவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். இந்த இடைவெளியில்தான் சின்னக் கம்பெனிகள் செத்துப்போகும், கையில் ஆர்டர் இருக்கும்போதே!

கூடவே அந்தக் காலத்து பிரிட்டிஷ் சட்டதிட்டங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவர் சம்மதம் இல்லாமல் தன்னால் வங்கிக் கணக்குகூடத் திறக்க முடியவில்லை என்கிறார் ஷர்லி. மனைவியின் வருமானத்தைக் கணவர் வருமானத்தோடு சேர்த்து வரி போடும் பழக்கம் 1990 வரை இருந்தது. நம் ஊர்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

சரி, விற்ற பொருள் என்ன? இங்கேதான் இன்னொரு சிக்கல். 1962-ல் மென்பொருள் என்பது விலைக்கு விற்கிற பொருளே இல்லை. கணினி வாங்கினால் கூடவே இனாமாக வரும், ஜவுளிக்கடையில் கொடுக்கும் மஞ்சப்பை மாதிரி. கணினி வாங்குகிற கம்பெனிக்கு ஐ.பி.எம். ஆட்களே வந்து நிரல் எழுதிக் கொடுப்பார்கள், எல்லாம் எந்திரத்தின் வாடகையில் அடக்கம். இதைப் பிரித்துத் தனி விலை போடப்போகிறோம் என்று ஐ.பி.எம். அறிவித்ததே 1969 ஜூனில்தான். ஷர்லி ஏழு வருஷம் முந்திக்கொண்டார். மஞ்சப்பையை மட்டும் தனியாகக் காசுக்கு விற்க வந்தவரைப் பார்த்து எல்லாரும் சிரித்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இந்த யோசனை அவருக்கு மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1955-லேயே ஐ.பி.எம்.மில் இருந்த ஜான் ஷெல்டன், எல்மர் கூபி என்ற இருவர் வேலையை விட்டு கம்ப்யூட்டர் யூசேஜ் கம்பெனி தொடங்கினார்கள். உலகின் முதல் மென்பொருள் ஒப்பந்தக் கம்பெனி என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் மூலதனம் 40,000 டாலர். 6 பவுண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! சொந்தமாகக் கணினி கிடையாது, நேர வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். முதல் வேலை எண்ணெய்க் கிணற்றில் திரவம் எப்படிப் பாயும் என்று கணக்கிடுவது. ஆரம்பத்தில் எடுத்த நிரலாளர்கள் நான்கு பேர், நான்கு பேரும் பெண்கள். 1960-ல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள், நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்தார்கள், 1986-ல் திவால்.

இன்னொருவர் எல்சி ஷட். ரேதியான் கம்பெனியில் நிரலாளர். 1957-ல் கர்ப்பமானதும் வேலையை விட வேண்டியதாயிற்று. அதே காரணத்தால் வீட்டில் உட்கார்ந்திருந்த சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கம்ப்யூடேஷன்ஸ் என்ற பெயரில் வீட்டிலிருந்தே ஒப்பந்த வேலை எடுத்தார். இடம் மாசசூசெட்ஸின் ஹார்வர்டு. பல்கலைக்கழகம் இல்லை, அதே பெயரில் ஒரு சிற்றூர். குழந்தைகள் தூங்கின பிறகு நிரல் எழுதுகிற அம்மாக்களைப் பற்றி 1963-ல் பிசினஸ் வீக் பத்திரிகை எழுதியது. எல்சி ஷட் கம்பெனியைப் பெரிசாக்க ஆசைப்படவில்லை. அளவோடு வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நடத்தினார். எனக்கென்னவோ இவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றும். வளராமல் இருப்பதும் ஒரு முடிவுதானே?

இங்கிலாந்துக்குத் திரும்புவோம்.

ஷர்லியின் மூன்றாவது மூலதனம்தான் எல்லாவற்றிலும் பெரிது. கல்யாணம் ஆனால் வேலையை விடு, அப்போது விடாவிட்டால் முதல் குழந்தைக்காவது விடு என்பது அன்றைய வழக்கம். பெரிய கம்பெனிகள் கணிதம் படித்த பெண்களை எடுத்து, சில வருஷம் சொல்லிக்கொடுத்து, அவர்கள் தேறி வரும் நேரத்தில் வழியனுப்பி வைத்துக்கொண்டிருந்தன. நாட்டில் நிரலாளர்களுக்குக் கடும் பஞ்சம். அதே நாட்டில் நன்றாகப் பழகிய நிரலாளர்கள் சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர் ஷர்லி. ஒரு பைசா பயிற்சிச் செலவில்லாமல் நாட்டின் சிறந்த நிரலாளர்களில் ஒரு பகுதி அவருக்குக் கிடைத்தது. 1964-ல் கார்டியன் நாளிதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு இந்த மாதிரிப் பெண்களுக்கு இப்படி ஒரு இடம் இருக்கிறது என்பது வெளியே தெரிந்தது. வேலைக்குச் சேர அத்தியாவசியத் தகுதி, அனுபவம். அத்தியாவசிய உபகரணம், வீட்டில் ஒரு தொலைபேசி. அவ்வளவுதான். முதல் முந்நூறு பேரில் ஆண்கள் மூன்றே மூன்று பேர்.

வாடிக்கையாளர்களைப் பிடிப்பது வேறு கதை. 'ஸ்டெஃபனி ஷர்லி' என்று கையெழுத்திட்டுக் கடிதம் மேல் கடிதம் போட்டார். பதிலே இல்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார், வீட்டில் கூப்பிடும் 'ஸ்டீவ்' என்ற பெயரிலேயே போட்டுப் பாரேன் என்று. போட்டார். பதில்கள் வர ஆரம்பித்தன. நேரில் போய்க் கதவைத் திறந்த பிறகுதான் உள்ளே இருப்பவருக்கு 'அவன் ஒரு அவள்' என்று தெரியும். அதற்குள் கை குலுக்கியாயிற்று, உட்காரச் சொல்லியாயிற்று, பேசித்தானே ஆகவேண்டும்? கடைசி வரை அவர் ஸ்டீவ்தான். (நானும் இனி அப்படியே எழுதுகிறேன், தட்டச்சுக்கும் சுலபம் :-))

1963-ல் மகன் பிறந்தான். தொலைபேசியில் வாடிக்கையாளர் இருக்கும்போது பின்னால் குழந்தை அழுதால் மானம் போகுமே? தட்டச்சு எந்திரம் ஓடும் சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, அழைப்பு வந்ததும் அதைப் போட்டுவிடுவாராம். கேட்பவருக்கு மும்முரமான ஆபீஸ் ஒன்று கண்முன் வரும். 2020-ல் கொரோனா சமயத்தில் நம்மில் பாதிப்பேர் குக்கர் விசிலை மறைக்க மைக்கை அணைத்து அணைத்துப் போட்டோமே, அதன் மூதாதை இது.

இனி கொஞ்சம் தொழில் நுணுக்கம். இந்தப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து எப்படி நிரல் எழுதினார்கள்? வீட்டில் கணினி கிடையாது, முனையம் கிடையாது. பென்சிலும் தாளும்தான். முதலில் பாய்வுப்படம் போடுவார்கள். பிறகு கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டளையாக எழுதுவார்கள், பெரும்பாலும் எந்திர மொழி, சில சமயம் வெறும் பூஜ்யமும் ஒன்றும். அதை உறையில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். கணினி மையத்தில் ஒருவர் அதைப் பார்த்து அட்டையிலோ காகித நாடாவிலோ துளை போடுவார். பிழை வராமல் இருக்க இன்னொரு தடவை துளைத்துச் சரிபார்ப்பார்கள். அப்புறம்தான் நிரல் எந்திரத்துக்குள் போகும். ஒரு காற்புள்ளி தப்பானால் மறுபடி தபால், மறுபடி நாள்கணக்கில் காத்திருப்பு. அதனால் என்ன ஆகும்? எழுதுகிறவர் தானே கணினியாக மாறி, ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, தாளிலேயே தப்பைப் பிடித்துவிடப் பழகிக்கொள்வார். மேசையில் ஒரு கணினி இருந்து, தட்டித் தட்டிப் பார்க்கிற நமக்கு இந்த ஒழுங்கு வரவே வராது.

இப்படி எழுதியவை சாதாரண நிரல்களா? சரக்கு ரயில்களுக்கு அட்டவணை, பேருந்துகளுக்கு நேர அட்டவணை, மூட்டை மூட்டையாகச் சரக்கிருப்புக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே கான்கார்ட் விமானம். ஒலியைவிட வேகமாகப் பறந்த அந்த விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல்களை எழுதியது இந்தக் குழுதான். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஆன் மொஃபாட் தன் சமையலறை மேசையில் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்தில் கைக்குழந்தை இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. 1966-ல் எடுத்தது. கணினி வரலாற்றின் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஆனால் வாடிக்கையாளர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். யாரோ ஒரு பெண், எங்கோ ஒரு கிராமத்து வீட்டில், எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணி நேரம் வேலை செய்கிறாள் என்று தெரியாது. மணிக்கு இவ்வளவு என்று பில் போட்டால் எவன் நம்புவான்? ஆகவே மொத்த வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசினார்கள். இது கேட்க எளிது, செய்வது கத்திமேல் நடப்பது. குறைவாகக் கணித்தால் கைக்காசு போகும், கூடுதலாகக் கணித்தால் ஆர்டர் போகும். மென்பொருள் வேலைக்கு எவ்வளவு நாளாகும் என்று சரியாகச் சொன்னவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அப்படியிருக்க இவர்களுக்கு ஒரே வழி, ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, எந்தத் துண்டுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதி வைத்து, அடுத்த விலையை அதிலிருந்து போடுவது.

இங்கே ஸ்டீவுக்கு ஒரு அதிர்ஷ்டமும் அடித்தது. ஆரம்ப கால ஒப்பந்தங்களில் ஒன்று, நிரல் எழுதுவதே இல்லை. நிரல் எழுதும் வேலையை எப்படி நிர்வகிப்பது, எப்படிச் சோதிப்பது, எந்தக் கட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்கிற விதிமுறைத் தொகுப்பைத் தயாரிப்பது. அடுத்தவர் காசில் தயாரித்த அந்த விதிமுறைகளைத் தன் கம்பெனிக்கே எடுத்துப் போட்டுக்கொண்டார். வருஷா வருஷம் அதைத் திருத்திக் கொடுக்கவும் காசு வாங்கினார். கடைசியில் நேட்டோ வரை அது போயிற்று. ஒரு ஆலோசனைக் கம்பெனிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? சிதறிக் கிடக்கும் நூறு வீடுகளை ஒரு கம்பெனியாகக் கட்டிப்போட்டது இந்த விதிமுறைகள்தான் என்பது என் கணிப்பு. முகம் பார்க்காமல் வேலை வாங்குகிறவர், எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துத்தான் ஆகவேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். இது பெண்களுக்கு விடுதலையா, மலிவான கூலி உழைப்பா? வேலை இருந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. அடுப்பும் குழந்தையும் அப்படியே இருக்க, கூடவே நிரலும். பெரிய கம்பெனி தலையில் இருக்க வேண்டிய சும்மா இருக்கும் நாட்களின் நஷ்டம் அந்தப் பெண்களின் தலையில் போய் விழுந்தது. சின்ன ஆலோசனைக் கம்பெனிகள் எல்லாமே கொஞ்சம் இப்படித்தான் பிழைக்கின்றன, மந்தகாலத்தில் யாருக்குச் சம்பளம் போகாது என்பதை முன்னாடியே முடிவு செய்துவைத்திருக்கும். ஸ்டீவின் தரப்பில் சொல்வதானால், அந்தப் பெண்களுக்கு முன் இருந்த மாற்று வேறு நல்ல வேலை அல்ல, வேலையே இல்லாமை. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மந்தகாலம் வந்தது. 1970-71 வாக்கில் பிரிட்டனில் தொழில் சுணங்கியது. கம்பெனிகள் முதலில் வெட்டியது வெளியாட்களுக்குக் கொடுக்கும் வேலையை. போதாக்குறைக்கு ஸ்டீவின் முக்கிய மேலாளர் ஒருவர், ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டிக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். இதில் தார்மீகமாகக் கோபப்படவும் முடியாது பாருங்கள். வேலையில் கற்றுக்கொண்டதை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கடை போட்டவரிடமிருந்து, வேலையில் கற்றுக்கொண்டதை எடுத்துக்கொண்டு இன்னொருவர் வெளியே போகிறார். இந்தத் தொழிலில் சொத்து முழுக்க ஆட்களின் தலைக்குள் இருக்கிறது, அந்தத் தலைகள் எப்போது வேண்டுமானாலும் கதவைத் திறந்துகொண்டு போய்விடும். கம்பெனி மூழ்கவில்லை, ஆனால் மயிரிழை.

வீட்டிலும் இடி. மகன் ஜைல்ஸ் இரண்டரை வயது வாக்கில் பேசிக்கொண்டிருந்த பேச்சையும் இழந்தான். தீவிர ஆட்டிசம். கம்பெனி ஒரு பக்கம், கட்டுப்படுத்த முடியாத குழந்தை ஒரு பக்கம் என்று ஓடியதில் எழுபதுகளின் நடுவில் ஸ்டீவே மனமுறிவு ஏற்பட்டு மருத்துவமனையில் படுத்தார். தொழில்முனைவோர் கதைகளில் இந்தப் பக்கத்தைப் பொதுவாகப் புரட்டிவிடுவார்கள். அவர் புரட்டவில்லை, மேடை மேடையாகச் சொன்னார். ஜைல்ஸ் 1998-ல், 35 வயதில் இறந்துபோனான்.

1975-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. யாருக்காக? பெண்களுக்காக. அந்தச் சட்டத்தின்படி, பெண்களுக்கு மட்டும் வேலை தருவோம் என்ற ஸ்டீவின் கொள்கை சட்டவிரோதம் ஆகிவிட்டது! 'பெண்கள்' என்று இருந்த இடத்தில் 'பொறுப்புகளைச் சுமப்பவர்கள்' என்கிற மாதிரி வார்த்தையை மாற்றி, ஆண்களையும் உள்ளே விட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது கடைசிக் கட்டம்தான். கம்பெனி யாருடையது? அடமானம் வைத்தது ஸ்டீவ். ராத்திரி தூக்கம் போனது ஸ்டீவுக்கு. ஆனால் லாபம் முழுக்க அந்தப் பெண்களின் தலைக்குள்ளிருந்து வந்தது, அந்தத் தலைகளைத் தயார் செய்ததோ வேறு கம்பெனிகள். பங்குகளை ஊழியர்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து 1981 வாக்கில் ஒரு அறக்கட்டளை மூலம் ஆரம்பித்தார். கம்பெனியின் கால் பங்கை "என்னைத் தவிர வேறு யாருக்கும் செலவில்லாமல்" ஊழியர் கைக்கு மாற்றியதாகப் பிற்பாடு சொன்னார். சொல்வது சுலபம். அவரே தொடங்கிய கம்பெனியில் அவர் சொல்லுக்கு மறுசொல் பேச நூற்றுக்கணக்கான பங்குதாரர்களை அவரே உண்டாக்கினார். எண்பதுகளின் நடுவில் ஹிலரி க்ராப்பர் என்ற நிர்வாகியைக் கொண்டுவந்து நாற்காலியையும் கொடுத்தார். தான் கட்டிய வீட்டில் இன்னொருவர் சுவரை இடித்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும்? அது எளிதாக இல்லை என்பது அவர் நினைவுக் குறிப்பின் தலைப்பிலேயே தெரிகிறது: 'லெட் இட் கோ', 2012-ல் வந்தது. 'விட்டுவிடு' என்றும் படிக்கலாம், நடுவிலுள்ள இரண்டெழுத்தை ஐ.டி. என்றும் படிக்கலாம்.

1993-ல் அறுபது வயதில் ஓய்வு. 1996-ல் கம்பெனி லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்த எழுபது கோடீஸ்வரர்கள் அப்படித்தான் உருவானார்கள். ஸ்டீவும் பிரிட்டனின் பணக்காரப் பெண்களில் ஒருவரானார், பெரும்பகுதியை ஆட்டிசம் பள்ளிகளுக்கும் ஆராய்ச்சிக்கும், ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிலையத்துக்கும் கொடுத்துத் தீர்த்தார். 2025 ஆகஸ்டில், 91 வயதில் காலமானார்.

கம்பெனியின் பெயர் நடுவில் பலமுறை மாறியது. ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்பது 1974-ல் எஃப் இன்டர்நேஷனல் ஆனது, அப்புறம் எஃப்.ஐ. குரூப், 2001-ல் ஸான்சா. சென்னையில் மென்பொருள் துறையில் இருந்தவர்களுக்கு இந்தக் கடைசிப் பெயர் நினைவிருக்கும். 1997-ல் நொய்டாவின் ஐ.ஐ.எஸ். இன்ஃபோடெக்கை வாங்கியதன் மூலம் இந்தியாவுக்குள் வந்து, நொய்டா, புனே, சென்னை என்று அலுவலகம் போட்ட அதே ஸான்சாதான். 2007-ல் பிரெஞ்சுக் கம்பெனியான ஸ்டீரியா அதை வாங்கியது, 2014-ல் அது சோப்ராவோடு இணைந்து சோப்ரா ஸ்டீரியா ஆயிற்று. சென்னையில் அங்கே வேலை பார்த்த சில பேரிடம் ஸ்டீவ் ஷர்லி பற்றிக் கேட்டிருக்கிறேன். "யாரு, நம்ம பழைய சி.இ.ஓ.வா? ஆள் எப்படி இருப்பார்?" என்றார் ஒருவர்.